மேசைக்குச் சுற்றிய ஆலம்

தினேசு,

பூந்தமல்லி டீச்சரம்மாவின் மேசையில் ஈரல் நிறத்தில் ஒரு கறை வந்ததே, அது மழைத் தண்ணீரால் வந்தது இல்லை. என்னால் வந்தது. இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வருஷமாக நாம் இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி, நான் சோறு போட, நீ தின்ன என்று இருந்தோம். தெரியாதது ஊருக்குத்தான். ஊர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது? வெள்ளானூரில் ஒரு பையன் இருக்கிறான், கைவேலை சுத்தம், ஆனால் ஆள் அசட்டை, ஒழுகுகிற கூரைக்குக் கீழே அடுத்தவர் பொருளைப் போட்டு வைப்பான் என்று. இன்னும் பத்து நாளில் உனக்குக் கல்யாணம். அந்தப் பேரோடு நீ மணவறையில் உட்காரக் கூடாது. அதனால்தான் இதை உன் சட்டைப் பையில் சொருகாமல், நாலு பேர் படிக்கிற இடத்தில் போடக் கொடுத்திருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எழுத்துப் பிழைகளை மட்டும் டீச்சரம்மா சிவப்புப் பேனாவால் திருத்தினார். மற்ற பிழையெல்லாம் என்னுடையதுதான், அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

உன் கைக்கு மரத்தைப் பார்த்தால் அரிப்பு எடுக்கும் என்று எனக்கு எப்போது தெரிந்தது சொல்லட்டுமா? ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். எங்கள் கல்யாணத்துக்கு என் அம்மா வீட்டில் கொடுத்த கட்டில், ஆணியே இல்லாத கட்டில் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். ஒரு சனிக்கிழமை நான் கேன்டீன் வேலை முடிந்து வருகிறேன், கட்டில் இருந்த இடத்தில் கட்டில் இல்லை. இருபத்திரண்டு துண்டு மரம் தரையில் வரிசையாகக் கிடக்கிறது, நடுவில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். "இன்னாடா பண்ணிகினு கீற?" என்று கத்தினேன். "ஆணி இல்லாம எப்டி நிக்குதுன்னு பார்த்தேம்மா" என்றாய். உங்கப்பா ஃபாக்டரியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சுதான் வரும். "எலே, நான் எங்க படுக்கதுக்கு?" என்றார். பதினோரு நாள் பாயில் படுத்தார். பன்னிரண்டாம் நாள் நீ கட்டிலைக் கோத்து நிறுத்தினாய். அதுவரைக்கும் புரண்டு படுத்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கிரீச்சிட்ட கட்டில், அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. உங்கப்பா உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஃபாக்டரியில் தன்னோடு வேலை செய்கிற நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார வைத்துக் காட்டினார். சத்தம் வரவில்லை பார், சத்தம் வரவில்லை பார் என்று அந்தப் பெரிய மனிதர்களைக் குதிக்க வைத்தார். நீ வீட்டில் இல்லை அப்போது. அதனால் இது உனக்குத் தெரியாது.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நீயும் ஃபாக்டரிக்குள் போய்விடுவாய் என்று அவர் காத்திருந்தார். நீ பிளைவுட் சமையலறை போடுகிற கான்டிராக்டரிடம் போனாய். அம்பத்தூர், முகப்பேர், மாங்காடு என்று எந்தப் புது அடுக்குமாடி எழுந்தாலும் அங்கே போய்ப் பலகையை அறுத்து, பேப்பர் ஒட்டி, திருகாணி முறுக்கிவிட்டு வருவாய். வீட்டுக்கு வந்தால் முகம் செத்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிர் வரும். பழைய சாமான் கடையிலிருந்து கால் உடைந்த நாற்காலி, முதுகு போன பெஞ்சு என்று தூக்கி வந்து பிரித்துப் போடுவாய். எந்த மூட்டு எதற்குள் போகிறது, எந்த ஆள் எந்த இடத்தில் சோம்பேறித்தனம் பண்ணினான் என்று செத்துப்போன தச்சர்களோடு சண்டை போடுவாய். அப்படிப் பிரித்தும் சேர்த்தும் நீயாகக் கற்றுக்கொண்ட வேலை இது. பிறகு ஒருநாள் கான்டிராக்டரிடம் சொல்லிவிட்டு, வெள்ளானூரில் நாம் கட்டின வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தாய். "பழைய மர சாமான்கள் பழையபடி செய்து தரப்படும்" என்று பலகை எழுதி மாட்டினாய். "பழையபடின்னா ஒடைச்சித் தருவியாடா?" என்று நான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. இது ஓடவில்லை என்றால் திரும்பவும் பிளைவுட்தான்.

முதல் பெரிய வேலையாக வந்தது டீச்சரம்மாவின் மேசை. பூந்தமல்லிப் பக்கம் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஒரு பழைய கம்பெனியில் குமாஸ்தா. கம்பெனியை மூடி ஆபீசைக் காலி செய்தபோது, துரை உட்கார்ந்த மேசையைக் கேட்டு வாங்கி வந்தாராம். மகோகனி மரம். மினி லாரியிலிருந்து இறக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. இறக்கி வைத்ததும் தெருவே வந்து பார்த்தது. நான் பார்த்தபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். யாரோ புண்ணியவான் மேலே கதவுக்கு அடிக்கிற பழுப்புப் பெயிண்டை இரண்டு கோட்டு அடித்திருந்தான். இரண்டு பக்கமும் நாலு நாலு இழுப்பறை, நடுவில் கால் நீட்ட இடம், நாலு மூலையிலும் கொடி சுற்றிய தூண், தூணுக்கு அடியில் சிங்கப் பாதம், முன்பக்கம் நடுவில் ஒரு சிங்க முகம். "சிங்கமா இது? நம்ம ரேஷன் கடைக்காரர் மாதிரி கீது" என்றேன். "பெயிண்ட் போகட்டும், அப்புறம் பேசு" என்றாய்.

பெயிண்ட் போக இரண்டு மாதம் ஆயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரத்தில் முடியும் என்று உங்கப்பா கூடச் சொன்னார். நீ கேட்கவில்லை. உப்புத்தாள் பெயிண்டோடு சேர்த்துச் சிங்கத்தின் மீசையையும் தின்றுவிடும் என்றாய். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைப் போட்டு ஊறவைத்து, தட்டையான இடத்தைக் கண்ணாடிச் சில்லால் வழித்து, செதுக்கிய இடத்தை மூங்கில் குச்சியைச் சீவிக் குத்திக் குத்தி எடுத்தாய். ஒவ்வொரு திராட்சை இலையாக வெளியே வந்தது. இலைக்கு நரம்பு இருந்தது. ஓர் இலையில் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை இருந்தது, நான் பூச்சிதான் என்று நினைத்தேன், நீதான் காட்டினாய், ஓட்டையையும் உளியால் செதுக்கியிருக்கிறான் அந்த மனிதன். இழுப்பறையை உருவி, மூலையில் பலகை இரண்டும் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருப்பதைக் காட்டினாய். எட்டு இழுப்பறை, எட்டும் வேறு வேறு அளவு விரல், ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் போட்டால் நுழையாது. அவிழ்ந்து போயிருந்த மூட்டுகளுக்குக் கடைப் பசை போடாமல், வச்சிரப் பசைக் கட்டியைத் துண்டு துண்டாக உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்து, என் பால் பாத்திரத்தில் காய்ச்சினாய். வீடெல்லாம் மாட்டுத் தோல் நாற்றம். அந்தப் பாத்திரத்தை அப்புறம் நான் உனக்கே தானம் கொடுத்துவிட்டேன். "இந்தப் பசையைத்தாம்மா அவங்க போட்டிருக்காங்க. நாளைக்கி இன்னொருத்தன் பிரிக்கணும்னா சூடு காட்டுனா போதும், வுட்டுக் குடுத்துடும்" என்றாய். உனக்குப் பிறகு வரப்போகிறவனின் சௌகரியத்துக்காக இன்றைக்கு நீ மெனக்கெடுகிறாய். எனக்கு அன்றைக்குத்தான் நீ யாரென்று கொஞ்சம் பயமாகவே இருந்தது. என் பிள்ளைதானா இது என்று.

மரம் முழுக்க வெளியே வந்து நின்றது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மேலே ஒரு பூச்சும் இல்லை, வெறும் மரம், இளம் செங்கல் நிறம். மறுநாள் பட்டறையைக் கழுவி, உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தோம். பொரி, கடலை, சுண்டல். தெருவில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்தார்கள், வந்தவர்கள் கருவியையும் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா சிங்கத்தின் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். "எப்பா, இன்னா வேலை, இன்னா வேலை" என்று பெருமூச்சு விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்குத்தான் தெரியுமே, இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் கல்யாணம், வளைகாப்பு, குழந்தை வந்தது என்றாலும் ஆலம் கரைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் எல்லாரும்தான் கரைக்கிறார்கள், என் தட்டில் வருகிற சிவப்பு மற்றவர்களுக்கு வராது. அது என் கைவாகு. பூசணிக்காய் உடைக்கப் போகிறீர்கள் எல்லாரும் தெருவுக்கு. நான் மட்டும் உள்ளே வந்து, கண்ணேறு படக் கூடாது என்று மேசைக்கு மூன்று சுற்று ஆலம் சுற்றினேன். சுற்றினதோடு விட்டிருக்கலாம். பிள்ளைக்கு நெற்றியில் வைக்கிற மாதிரி மேசைக்கும் ஒரு பொட்டு வைக்கலாம் என்று குனிந்தேன். தட்டு சாய்ந்தது. அரைத் தட்டு ஆலம் மேசை மேல் ஓடி, முன்பக்கம் வழிந்து, சிங்கத்தின் ஒரு கன்னத்தில் இறங்கியது.

முந்தானையால் துடைத்தேன். துடைத்ததும் வெறும் ஈரம் மாதிரிதான் இருந்தது. மரம் ஈரமாக இருந்தால் கொஞ்சம் கறுப்பாகத்தானே இருக்கும், காய்ந்தால் சரியாகிவிடும் என்று கோணியைப் போட்டு மூடிவிட்டு வந்து சுண்டல் கொடுத்தேன். அன்றைக்கு மழை வேறு கொட்டியது. மறுநாள் காலையில் நீ கோணியை எடுத்தாய். நான் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். மேசை மேல் ஒரு முழ நீளத்துக்கு ஈரல் நிறத்தில் கறை, ஓரமெல்லாம் மஞ்சள். நீ தொட்டுப் பார்த்தாய். காய்ந்திருந்தது. காய்ந்தும் போகவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசியது. "அய்யய்யோ, கூரை ஒழுகியிருக்குதுடா. நேத்து எவ்ளோ மழை." நீ கூரையைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பார்த்துவிட்டு, "ஆமாம்மா, ஒழுகியிருக்கும்" என்றாய். அவ்வளவுதான். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், உங்கப்பாவிடம் தினமும் இரண்டு சொல்வேன், அதெல்லாம் சிரிப்புக்கு. இதுதான் பயந்து சொன்ன பொய். வேறு யாரோ என்றால் ஒப்புக்கொண்டிருப்பேன். உன் முதல் வேலையை என் கையால் கெடுத்தேன் என்பதை என் வாயால் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை டீச்சரம்மா வந்தார். வாரா வாரம் வெள்ளிக்கிழமை குடையோடு வந்து பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி மேசையைச் சுற்றி வருவார், உனக்கு நினைவிருக்கும். கறையைப் பார்த்ததும் குடையை மடக்கினார். "என்ன இது?" என்றார். நான் கதவோரம் நிற்கிறேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "மழைத் தண்ணி இறங்கிடுச்சு மேடம். என் கவனக்குறைவு" என்றாய். "நான் மேசையைக் குடுத்தது உன்னை நம்பி. உன் கூரையை நம்பி இல்ல" என்றார் அவர். "எங்கப்பா இதுல உக்காந்துதான் எனக்கு எழுதக் கத்துக் குடுத்தார். பதினஞ்சு நாள் தரேன். இந்தக் கறை போகலன்னா வண்டி அனுப்பி எடுத்துக்கறேன். வேற யார்கிட்டயாவது குடுக்கறேன்." அவர் போன பிறகு நீ கான்டிராக்டரின் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு ஃபோனைப் பாக்கெட்டில் போட்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சுக்குக் குழம்புதான் வைக்கத் தெரியும்.

மழை விட்ட இரண்டு நாள் நீ அந்த மேசையை ஆள் வைத்து வெளியே தூக்கி வெயிலில் போட்டாய். மூன்றாம் நாள் ஓரத்து மஞ்சள் எல்லாம் காணாமல் போய்விட்டது. ஈரல் நிறம் மட்டும் அப்படியே இருந்தது. வெயில் மஞ்சளைத்தான் தின்னும், சுண்ணாம்பைத் தின்னாது. அன்றைக்கு நீ சமையலறை வாசலில் வந்து நின்று, முகத்தில் ஒன்றும் இல்லாமல் கேட்டாய்.

"அம்மா, ஆலத்துக்கு எவ்ளோ சுண்ணாம்பு போடுவ?"

என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. "இன்னாடா திடீர்னு?"

"சும்மாதான். அளவு சொல்லு."

"அளவெல்லாம் யாருக்குத் தெரியும்? கைதான்."

"அப்ப அந்தக் கையை எடுத்துகினு பட்டறைக்கு வா."

வந்தேன். திட்டப் போகிறாய் என்றுதான் வந்தேன். நீ ஓர் இழுப்பறையை முழுசாக உருவி, அது இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்து, என் தலையைப் பிடித்து உள்ளே பார்க்க வைத்தாய். யார் கண்ணிலும் படாத உள் ஓரத்தில், மரத்தின் துவாரங்களில், பொடிப்பொடியாக வெள்ளை. சுண்ணாம்பு. "பார்த்தியா? பெயிண்டுக்கு அடியில இருந்த சிவப்பு பாலிஷ் இல்லம்மா. சுண்ணாம்புத் தண்ணி. அந்தக் காலத்துல செஞ்சவரு மகோகனிக்கு இதைத்தான் பூசியிருக்கார். இந்த மரத்துக்கு சுண்ணாம்பு பட்டா உள்ளேயே செவக்கும். நாமதான் பெயிண்ட் எடுக்கும்போது அந்த நிறத்தையும் சேர்த்து வழிச்சிட்டோம். கறையைப் போக்க முடியாது. மேசை பூராவையும் கறை நெறத்துக்குக் கொண்டாரணும்." நீ "எப்படிக் கறை வந்தது" என்று அப்போதும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கோழைகள், ஒரு சிங்கத்துக்கு முன்னால்.

அடுத்த ஏழு நாள் நாம் செய்த வேலை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பை நான் தண்ணீர் விட்டுத் தாளித்து, ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை மட்டும் இறுத்துக் கொடுப்பேன். நீ ஒரு மகோகனித் துண்டில் பட்டை பட்டையாகப் பூசிக் காயவைத்து, கறையோடு ஒப்பிடுவாய். முதலில் ரொம்ப வெளுப்பு. அடுத்தது ரொம்பக் கறுப்பு. நான் வெற்றிலை போடுகிறவள், விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக் காரம் பார்ப்பேன். "நாக்கு வெந்துடும்மா!" என்று நீ கத்துவாய். "என் நாக்கு வெந்தாதான் இந்த ஊடு நிம்மதியா இருக்கும்னு உங்கப்பா சொல்வாரு" என்பேன். ஒன்பதாவது பட்டையில் சரியான நிறம் வந்தது. அப்புறம் மேசைக்குப் பூச வேண்டிய நாள். நடுவில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றாய். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், துணியை நனைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்தோம். கறை பட்ட இடம் ஏற்கெனவே குடித்து முடித்திருந்தது, மற்ற மரம் அதை எட்டிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் சிவந்தது, சிவந்தது கறுத்தது. நான் மூச்சு விடவில்லை. "இப்ப!" என்று நீ சொன்னதும் வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றித் துடைத்து நிறுத்தினோம். காய்ந்த பிறகு கறை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. சிங்கத்தின் ஒரு கன்னம் மட்டும் ஒரு சாயல் கூடுதல் கறுப்பு. வெற்றிலை அடக்கிய கன்னம் மாதிரி.

அதற்கு மேல் நீ பாலிஷுக்கு, அவல் மாதிரி செதிலாக இருக்கிற அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் முடிந்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தாய். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. தினமும் மேசை ஒரு விரல் கனத்துக்கு ஆழமான மாதிரி இருக்கும், உள்ளே எட்டிப் பார்க்கலாம் போல. பதினைந்தாம் நாள் டீச்சரம்மா வந்தார். மேசை மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். "நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது இது இந்த நிறத்துலதான் இருந்துச்சு" என்றார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" நீ, "மேசையே சொல்லுச்சு மேடம்" என்றாய். நான் உன்னையே பார்த்தேன். என் வயிற்றில் பிறந்தது, என் வாய்த்துடுக்கு கூட இல்லாமல், இவ்வளவு அடக்கமாக ஒரு வார்த்தை சொல்கிறதே என்று.

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை முடிந்தது, எல்லாரும் சந்தோஷம், எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு, ஆலம் கொட்டினது சின்னது. டீச்சரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். தெரிந்தவர்களிடம் எல்லாம், "வேலை பிரமாதம், ஆனா பட்டறைக் கூரை ஒழுகும், ஜாக்கிரதை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆவடியில் ஒரு டாக்டர் தன் தாத்தா காலத்து ஈட்டி மர அலமாரியை உன்னிடம் கொடுப்பதாக இருந்தார். அவர் காதுக்கு அது போயிற்று. அலமாரி வரவில்லை. அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் வரவில்லை. நீ மறுபடி கான்டிராக்டரிடம் போனாய். வாரம் ஆறு நாள் பிளைவுட், ஞாயிற்றுக்கிழமை பட்டறை. புதுத் தகரம் வாங்கிக் கூரையை மாற்றினாய், ஒழுகாத கூரையை! நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் என் வாய் பேசவில்லை. ஊரே பொறாமைப்படுகிற வாய்.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ மூடி வைத்தாய். மூடி வைத்ததால் உன் வேலை போனது, என் தூக்கம் போனது. இன்னும் பத்து நாளில் கவிதா நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். திருநின்றவூரில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பெண், கலகலவென்று பேசுகிறாள், எனக்கு இப்போதே பிடித்துவிட்டது. அவள் கை தவறும், உன் கை தவறும். அவள் தப்பை உன் தலையில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி மௌனமாக நிற்காதே. அது அன்பு மாதிரி தெரியும், ஆனால் எதிரில் நிற்கிறவளுக்கு அது ஒரு பாரம், நான் ஒரு வருஷம் சுமந்து பார்த்துவிட்டேன். "நீதான ஊத்துன?" என்று கேட்டுவிடு. அவள் இரண்டு வார்த்தை கத்துவாள், நீ இரண்டு கத்து, அப்புறம் சேர்ந்து துடையுங்கள். நீ அந்தக் காலையிலேயே என்னைக் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், சாயந்திரத்துக்குள் சிரித்திருப்பேன், வெள்ளிக்கிழமை டீச்சரம்மாவிடம் நானே சொல்லியிருப்பேன். உங்கப்பாவும் நானும் முப்பது வருஷமாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம், அதனால்தான் இன்னும் சேர்ந்து இருக்கிறோம்.

இந்த வருஷ ஆயுத பூஜை அன்றைக்கு, பட்டறையில் நான் ஆலம் கரைக்கவில்லை. கை வரவில்லை. கேட்டால் மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம் என்றிருந்தேன். நீ எல்லார் எதிரிலும், "அம்மா, ஆலம் எங்க? நீ சுத்தாம நான் பட்டறைய மூட மாட்டேன்" என்றாய். தட்டை நீயே கழுவிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். சுற்றினேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற சாக்கில், மஞ்சள் பையும் தாம்பூலமுமாக 65 நம்பர் பஸ் பிடித்து, அம்பத்தூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் பூந்தமல்லிக்குத் தனியாகப் போனேன்.

டீச்சரம்மா அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். பத்திரிகையைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு சொன்னேன், சுற்றி வளைக்கவில்லை. "மேடம், கூரை ஒழுகல. நான்தான் ஆலத்தைக் கொட்னேன். அவன் என்னைக் காட்டிக் குடுக்கல." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளைப் பார்த்த கண். "உக்காரும்மா" என்றார். "அவன் பொய் சொன்னான், நீ பொய் சொன்ன. அதை நம்பி நான் நாலு பேர்கிட்ட பொய் சொன்னேன். மூணு பேர்ல யார் தப்பு பெருசு?" நான், "என்னுதுதான் மேடம், அதுல சந்தேகம் இல்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எங்கிட்ட சொல்லிட்ட. அவன்கிட்ட சொன்னியா? எழுது. எங்க நகர் சங்கத்துல மாசம் ஒரு பத்திரிகை போடறோம், நாலு பக்கம். நான் கெடுத்த பேரை நானே அதுல சரி பண்ணணும்." அப்படித்தான் இந்தக் கடிதம் வந்தது. அந்த மேசையிலேயே உட்கார வைத்து எழுத வைத்தார். நீ தேய்த்த மரத்தில் என் முகம் தெரிந்தது, பவுடர் போடாமல் வந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டேன். மூன்று நாள் போய் வந்து எழுதியிருக்கிறேன்.

முதல் நாளே இன்னொன்றும் நடந்தது. நான் தாளைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது, அவர் ஃபோனை எடுத்து அந்த ஆவடி டாக்டரைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். "டாக்டர், அந்த வெள்ளானூர்ப் பையனைப் பத்தி நான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன். அவன் கூரை ஒழுகல" என்றார். "அப்ப கறை எப்படி வந்துச்சு?" என்று அந்தப் பக்கம் குரல். டீச்சரம்மா பதில் சொல்லாமல் ஃபோனை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். "நான் ஊத்துனது சார். ஆலம். மேசைக்குக் கண்ணு படக் கூடாதுன்னு சுத்துனேன், தட்டு சாஞ்சிடுச்சி."

"மேசைக்கா ஆலம் சுத்துனீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க பார்த்திருந்தா நீங்களும் சுத்தியிருப்பீங்க சார். அப்டி பண்ணி வச்சிருந்தான்."

"நீங்க யாரும்மா?"

"அவனைப் பெத்தவ சார்."

முப்பது வருஷமாக உங்கப்பாவின் பேரைச் சொல்லி, குவார்ட்டர்ஸ் நம்பரைச் சொல்லி, கேன்டீன் பேரைச் சொல்லித்தான் நான் யாரென்று சொல்லியிருக்கிறேன். இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. தப்பை ஒப்புக்கொள்கிற நேரத்தில் யாராவது நெஞ்சை நிமிர்த்துவார்களா? நான் நிமிர்த்தினேன். டாக்டர் சிரித்துவிட்டார். அலமாரி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறதாம், வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லையாம். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு உன்னை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். "பையனை மட்டும் அனுப்புங்கம்மா, நீங்க தட்டோட வந்துடாதீங்க" என்றார். போ. கல்யாண வேலை கிடக்கிறது என்று தள்ளிப் போடாதே, அதையெல்லாம் உங்கப்பாவும் நானும் கத்திக்கொண்டே முடித்துவிடுவோம். கான்டிராக்டருக்கு அன்றைக்கு லீவு சொல்லிவிடு. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ, நகத்தில் இருக்கிற அரக்கைச் சுரண்டி எடுக்காதே, அது இருக்கட்டும், அவர் பார்க்கட்டும். நான் கூட வருவேன், ஆனால் உள்ளே வர மாட்டேன். கேட்டுக்கு வெளியே வெறும் கையோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
அவனைப் பெத்தவ